போர்மேன் மேல் விழுந்த கரித்தூள்

உங்களில் யாருக்காவது பூனை பிடிக்காது என்றால் வருத்தப்பட வேண்டாம். கொளஞ்சிநாதனுக்கும் பிடிக்காது. அவரே அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். விடியற்காலை முதல் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் மீனை முள் நீக்கித் தட்டில் வைத்துவிட்டுப் போகிறவர் வேறு யாரோ என்று நாமும் வைத்துக்கொள்வோம்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் அவருடைய குவார்ட்டர்ஸ். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் அவரும் மனைவி பிரபாவதியும் இந்த வெள்ளைப் பூனையும்தான். அடுத்தவர் வேலை செய்வதைக் கையை மடக்கி உட்கார்ந்து பார்ப்பதால் பூனைக்குப் போர்மேன் என்று பெயர். கொளஞ்சிநாதன் நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்ப்பவர். வந்ததும் அவர் கழற்றிப் போடும் யூனிபாரம்தான் போர்மேனுக்கு மெத்தை.

இரண்டாயிரத்துப் பதினாலு ஆடி மாதத்தில் போர்மேன் சோர்ந்துபோனது. விளையாட்டில்லை, ஓட்டமில்லை. அதன் முதுகு மயிரை விலக்கிப் பார்த்த பிரபாவதிக்கு அடியில் பொடிப்பொடியாகக் கறுப்புத் தூள் தெரிந்தது. அந்த ஊரில் கறுப்பாக எதைப் பார்த்தாலும் யாரும் இரண்டாவது யோசனை செய்வதில்லை. கொடியில் காயும் வேட்டியில் இருந்தாலும் சரி, மாடியில் காயும் வடகத்தில் இருந்தாலும் சரி, அது நிலக்கரித் தூள்தான்.

"எல்லாம் உங்க யூனிபார்ம்ல வர்ற கரிதாங்க. நக்கி நக்கி உள்ள போயிருக்கும்" என்றாள்.

கொளஞ்சிநாதன் மறுநாளிலிருந்து சுரங்கத்திலேயே குளித்து, உடை மாற்றி, யூனிபாரத்தைப் பையில் கட்டிக் கொண்டுவந்தார். செருப்பைக் கேட்டுக்கு வெளியே விட்டார். வீட்டுக்குள் வந்ததும் இன்னொரு குளியல்.

"கல்யாணத்தன்னிக்குகூட இந்த மனுசன் இவ்ளோ சோப்பு போடல" என்றாள் பிரபாவதி.

பூனையையும் அவளே ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். இரண்டே நாளில் திரும்பவும் கறுப்புத் தூள். அதற்குள் போர்மேன் மீனைத் தொடுவதை விட்டுவிட்டுச் சுவரில் சுண்ணாம்பை நக்கத் தொடங்கியிருந்தது. மூக்கு சாக்பீஸ் மாதிரி வெளுத்துவிட்டது. நாலடி நடந்தால் வயிறு ஏறி இறங்க மூச்சு வாங்கியது. கொளஞ்சிநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. தன் உழைப்பின் தூளே வீட்டு உயிர் ஒன்றைக் கொன்றுகொண்டிருக்கிறது என்று அந்த மனிதர் உண்மையாகவே நம்பினார்.

ஒரு நாள் ஷிப்ட் முடிந்து குளிக்கக்கூட நிற்காமல் வந்தார். காய்கறிக் கூடையில் பூனையை வைத்து மூடி, பிரபாவதி மடியில் கொடுத்து, வண்டியை வடலூருக்கு விட்டார். அங்கே சந்திரகலா என்று ஒரு கால்நடை மருத்துவர்.

"கரித்தூள் உள்ள போயிடுச்சிங்க டாக்டர். என்னாலதான்" என்று எடுத்த எடுப்பில் ஒப்புக்கொண்டார்.

டாக்டர் பூனையின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். துளி சிவப்பில்லை. பிறகு முதுகில் இருந்த கறுப்புத் தூளைச் சீப்பால் வாரி, நனைத்த பஞ்சில் கொட்டினார்.

"ஐயா, உங்க சட்டையில இருக்கிறதையும் கொஞ்சம் இந்தப் பக்கம் தட்டுங்க."

தட்டினார். கொஞ்ச நேரத்தில் சட்டைத் தூள் அப்படியே கறுப்பாகக் கிடந்தது. பூனைத் தூளைச் சுற்றி மட்டும் பஞ்சு சிவந்துகொண்டே வந்தது.

"இது கரி இல்லீங்க. ரத்தம். தெள்ளுப்பூச்சி இதோட ரத்தத்தக் குடிச்சிட்டுப் போட்ட எச்சம்."

"நம்ம வூட்ல தெள்ளுப்பூச்சியா?" பிரபாவதிக்குப் பூனை நோயைவிட அதுதான் பெரிய அவமானமாகப் போய்விட்டது.

டாக்டர் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்தார். "பூச்சி மூலமா ஒரு கிருமி ரத்தத்துல ஏறியிருக்குது. சிவப்பணு மேல போய் ஒட்டிக்கும். கிருமிய அழிக்கிறேன்னு உடம்பே அந்த அணுவையும் சேர்த்து அழிச்சிடும். அதான் இந்த சோகை. மூணு வாரம் தினமும் காலையில மாத்திரை குடுக்கணும். குடுத்ததும் தண்ணி புகட்டணும், இல்லன்னா தொண்டையில நின்னு புண்ணாக்கிடும். நாலஞ்சு நாள்ல தானா எழுந்து சாப்பிட்டா பொழைச்சிக்கும். இல்லன்னா ரத்தம் ஏத்த வேண்டி வரும். அதுக்குத் தாங்குமான்னு சொல்ல முடியாது."

வண்டியில் திரும்பும்போது கொளஞ்சிநாதன் முகத்தில் பாதி நிம்மதி, பாதி பயம். பிரபாவதி பின்னாலிருந்து அவர் தோளில் கை வைத்து, "உங்க கரிய சும்மா திட்டிட்டேன். விடுங்க" என்றாள். அதற்குமேல் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அவளிடம் இல்லை.

மாத்திரை கொடுக்க ஒருவர் பிடிக்கவும் ஒருவர் புகட்டவும் வேண்டும். காலையில் கொளஞ்சிநாதன் சுரங்கத்தில் இருப்பார். அதனால் தன் பிரிவில் இருந்த இளைஞன் குமரவேலிடம், "வூட்ல உடம்பு சரியில்லப்பா" என்று சொல்லி, தன் முதல் ஷிப்டை அவனுக்குக் கொடுத்து, அவனுடைய மதிய ஷிப்டைத் தான் வாங்கிக்கொண்டார். குமரவேல் பாவம், தூக்கத்தை விட்டுவிட்டு நாலரை மணிக்கு எழுந்து ஓடினான்.

பழைய துணியெல்லாம் வெந்நீரில் போனது. பூனையின் கழுத்தில் பூச்சி மருந்து சொட்டினார்கள். தினமும் மாத்திரை, தினமும் தண்ணீர். நாலு நாள் போர்மேன் தட்டின் பக்கம் திரும்பவில்லை.

ஐந்தாம் நாள் காலை, வார ஓய்வில் இருந்த குமரவேல் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வந்து நின்றான். முகத்தைத் துக்கத்துக்குத் தயாராக வைத்திருந்தான். கதவைத் திறந்தவள் பிரபாவதி, கையில் துடைப்பம்.

"அண்ணி, நீங்க எதுக்கு எழுந்திரிக்கிறீங்க? படுத்துகினு இருங்க."

"நான் ஏன்டா படுக்கணும்?"

அவன் விழித்தான். உள்ளேயிருந்து கொளஞ்சிநாதன் அடிக்குரலில், "ஷ். பேசாதீங்க. எழுந்திரிச்சிடுச்சி" என்றார்.

இருவரும் எட்டிப் பார்த்தார்கள். போர்மேன் தள்ளாடித் தள்ளாடித் தட்டுவரை வந்து, மீனை முகர்ந்து, ஒரு துண்டை வாயில் எடுத்தது. மென்றது. இன்னொன்று எடுத்தது. சுவரோரம் குந்தியிருந்த கொளஞ்சிநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே, உடம்பு சரியில்லன்னு சொன்னது..."

"இதுக்குத்தாம்பா."

குமரவேல் பூனையைப் பார்த்தான். தன் கையிலிருந்த ஹார்லிக்ஸைப் பார்த்தான். பிரபாவதி வாயை முந்தானையால் மூடிக்கொண்டு திரும்பி நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவனும் கொளஞ்சிநாதன் பக்கத்தில் குந்தினான்.

"இன்னும் எத்தினி நாளைக்கிண்ணே மாத்திரை?"

"பதினாறு."

குமரவேல் பெருமூச்சு விட்டு, ஒரு சாத்துக்குடியைத் தானே உரிக்கத் தொடங்கினான்.

"சரி. நாலரை மணிக்கு போன் போட்டு என்னய எழுப்பி வுட்டுடுங்க."