பார்ட்டி முன்னாடி கேட்காதே

"சார், என் கமிஷனை இப்பவே குடுத்துடுங்க."

சொல்லிவிட்டேன். பார்ட்டி முன்னாடி பங்கைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் இந்த வீட்டு புரோக்கர் ஆபீஸில் சேர்ந்த அன்றைக்கு முதலாளி எனக்குச் சொன்ன முதல் பாடம். வாங்குகிறவரும் விற்கிறவரும் படியிறங்கிப் போன பிறகுதான் கேட்க வேண்டும். "அது மரியாதைம்மா" என்றார். எட்டு மாதமாக அந்த மரியாதையைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். அவர்கள் படியிறங்கினால் முதலாளியும் கூடவே இறங்கிவிடுவார்.

கண்ணாடி மேஜையைச் சுற்றி நாலு பேர். ஒரு பக்கம் ஃப்ளாட்டை வாங்கப்போகிற நர்ஸம்மா. மடியில் கைப்பை, கைப்பைக்குள் அட்வான்ஸ். எதிரே விற்கிறவர், ஸ்கூல் வேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர், யாரைப் பார்த்தாலும் ஹாரன் அடிக்கிற மாதிரியே பேசுவார். நடுவில் முதலாளி. எப்போதும் நடுவில்தான் உட்காருவார். விற்கிறவரிடம் விலை பேசுவது அவர் மட்டும்தான். வாங்குகிறவருக்கு வீடு காட்டுவது என் வேலை.

"என்ன பாப்பா, தமாஷா?" என்று சிரித்தார். அவர்கள் பக்கம் திரும்பி, "எனக்குப் பொண்ணு மாதிரி. செல்லம் ஜாஸ்தி."

"பொண்ணு மாதிரின்னு சொல்லிச் சொல்லித்தான் சார் இதுவரைக்கும் ஒரு பைசா தரல."

இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. வீடு முடிந்தால் பங்கு, முடியாவிட்டால் பெட்ரோலும் நம்முடையது. இதற்கு முன் ரெண்டு வீடு முடித்துக் கொடுத்தேன். ரெண்டுக்கும் "அடுத்த மாசம் சேர்த்து". நர்ஸம்மாவுக்கு எத்தனையோ வீடு காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் முன்னாலேயே போய், ஜன்னலைத் திறந்து, பூட்டிக் கிடந்த நாற்றத்தை விரட்டி, துருத்தண்ணீர் வடியும்வரை குழாயைத் திறந்துவிட்டு, ஃப்யூஸான பல்பை என் காசில் மாற்றி, அப்புறம் வாசலில் நின்று, "வாங்க மேடம், நானும் இப்பதான் வந்தேன்" என்பேன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். பி.காம். அடுத்து தங்கச்சிக்கும் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. ஃபீஸ் கட்ட நாளை கடைசி நாள். அப்பா பெயிண்டர். நேற்றுச் சாப்பிடும்போது, நகத்தில் ஒட்டியிருந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "படிச்சவ ஒருத்தி என்ன கொண்டாந்து கொட்டிட்டா? சின்னவ துணிக்கடைக்குப் போகட்டும். மாசம் பொறந்தா சம்பளமாவது வரும்." தங்கச்சி தட்டோடு எழுந்து போய்விட்டாள். அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் இந்த ஆபீஸில் மாட்டிக்கொண்டிருந்தது.

"உனக்கு எவ்வளவும்மா வரணும்?" என்றார் நர்ஸம்மா.

"இந்த வீட்டுக்கு மட்டும் சொல்றேன் மேடம். முப்பத்தெட்டு லட்சத்துக்கு ரெண்டு பர்சென்ட், அதுல நாலுல ஒரு பங்கு. பத்தொன்பதாயிரம்."

வேன்காரர் தலையைத் தூக்கினார். "எத்தனை லட்சத்துக்கு?"

முதலாளி எழுந்தேவிட்டார். "ஏசி பத்தல போலிருக்கே, கொஞ்சம் கூட்டவா?"

"ஏசி கிடக்கட்டும்யா. முப்பத்தெட்டா? எனக்கு முப்பத்தஞ்சுன்னுதானே சொன்னே? அதுக்கே பார்ட்டி மூக்கால அழுவுதுன்னு சொன்னியே?"

"நான் எங்கே அழுதேன்?" என்றார் நர்ஸம்மா.

அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. பங்கைச் சொன்னால் விலை வெளியே வந்துவிடும். அதற்குத்தான் அந்தப் பாடம். மரியாதையாவது மண்ணாவது! பத்திரத்தில் எழுதப்போவது குறைவான தொகை; மீதி ரொக்கமாக முதலாளி கை வழியாகத்தான் போகும். வழியில் மூன்று லட்சம் இறங்கிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கே தெரியவில்லை. பி.காமாம்!

"பாப்பா ஏதோ குழப்பிட்டா. ஒரே நிமிஷம்" என்று முதலாளி என்னை உள்ரூமுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

'விற்பனைக்கு' என்று எழுதிய போர்டுகள் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. கதவு சாத்தியதும் பாப்பா காணாமல் போனாள்.

"என்னடி பண்ணி வச்சிருக்கே?"

"ரெண்டு ரேட்டுன்னு எனக்குத் தெரியாது சார்."

"தெரியாதில்ல? இப்பவும் தெரியாது. வெளியே போய் நான் சொல்றதைச் சொல்லு. வீட்டுக்கு முப்பத்தஞ்சு. மூணு லட்சம் பத்திரச் செலவுக்கும் பார்க்கிங்குக்கும். மேடத்துகிட்ட சொல்ல மறந்துட்டேன்னு சொல்லு, அவ்வளவுதான்."

"பத்திரச் செலவு தனின்னு நானே அவங்ககிட்ட சொல்லியிருக்கேன்."

"அதைத்தான் மறந்து மாத்திச் சொல்லிட்டேன்னு சொல்லு. சின்னப் பொண்ணு, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. அந்த அம்மா உன்னை நம்புது."

அது உண்மை. நைட் டியூட்டி முடித்துத் தூங்காமல் வந்து, நான் காட்டிய சமையல்கட்டில் சுவரைத் தடவிப் பார்த்தபடி, "நீ சொன்னா சரிம்மா" என்றவர். வேன்காரருக்காக நான் உருகவில்லை. இவளுக்கு என்ன தெரியும் என்று என் முகத்துக்கு நேரே கேட்ட ஆள் அவர்.

முதலாளி டிராயரை இழுத்து ஒரு நோட்டுக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். "அம்பதாயிரம். ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்து எடுத்துக்க."

போன் அதிர்ந்தது. தங்கச்சி. 'அக்கா, வந்துடுச்சா?'

கட்டைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்றால் அது பொய். ஃபீஸ் கட்டி, அப்பா முன்னால் ரசீதை நீட்டி, மிச்சத்தையும் அம்மா கையில் கொடுக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது அந்த ஒரு வார்த்தை.

அவர் சும்மா இருந்திருக்கலாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுல யாரும் இவ்வளவு பணத்தை மொத்தமாப் பார்த்திருக்க மாட்டாங்க. யோசிக்காதே" என்றார்.

"ஏன் சார், ஒரு பொய்க்கு அம்பது டிராயர்ல ரெடியா இருக்கு. நாயா அலைஞ்சதுக்குப் பத்தொன்பது இல்லையா?"

"அது வேற, இது வேற."

"ஆமா சார். எனக்கு இப்பதான் தெரிஞ்சுது."

என் ஸ்கூட்டர் கீழே நின்றது. வண்டி இல்லாமல் இந்தத் தொழில் இல்லை என்று அவர் சொன்னதால், அம்மா வளையலை விற்று வாங்கித் தந்தது. எதிர்க்கடை மெக்கானிக் விலைக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். கொடுத்தால் ஃபீஸ் கட்டிவிடலாம். கொடுத்தால் வேறு ஆபீஸிலும் இந்த வேலைக்குப் போக முடியாது. அப்பா சொன்னதுதான் சரி என்று ஆகும். ஆகட்டும். என் விஷயத்தில் அவர் ஜெயித்துவிட்டுப் போகட்டும். தங்கச்சி காலேஜுக்குப் போவாள்.

கதவுப் பிடியில் கை வைத்தேன்.

"அந்தப் பக்கம் மாத்திப் பேசினே, இந்த ஊர்ல எந்த ஆபீஸ் படியும் ஏற விடமாட்டேன்."

"ஏற எனக்கும் தெம்பில்ல சார்."

வெளியே ரெண்டு பேரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

"மேடம், பத்திரச் செலவு தனி. நான் உங்ககிட்ட சொன்னதுதான் சரி. முப்பத்தஞ்சுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவுல இருக்கறது உங்க பணமா, அவர் பணமான்னு நீங்க ரெண்டு பேரும் நேரா பேசிக்குங்க. நடுவுல யாரும் வேண்டாம்."

நர்ஸம்மா கைப்பை ஜிப்பை இழுத்து மூடினார். வேன்காரர் உள்ரூமைப் பார்த்து, "வெளியே வாய்யா, மகராசா!" என்று ஹாரன் அடித்தார்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளின் சாவிக்கொத்து என் பையில் இருந்தது. எடுத்து மேஜைமேல் வைத்தேன். "இரும்மா, உன் காசு?" என்று நர்ஸம்மா பின்னால் கேட்டார். திரும்பினால் நின்றுவிடுவேன் என்று தெரியும். 'காலையில ஃபீஸ் கட்டறோம், சர்டிபிகேட்டை எடுத்து வை' என்று தங்கச்சிக்கு அடித்துக்கொண்டே படியிறங்கினேன். எதிர்க்கடையில் மெக்கானிக் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான். "அண்ணே, மூடிடாதீங்க!" என்று கத்திக்கொண்டே ரோட்டைக் கடந்தேன்.