இரண்டு மணிப் படகு

நவம்பர் மாதத்தில் ஃபெட்லர் தீவைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் எந்தக் கிறுக்கனும் நம்பமாட்டான். என் மகள் இங்கா நம்பினாள். அல்லது நம்பியதுபோல் நடித்தாள். "மாமா வீட்டுப் பக்கம் போனா கேட்டதாச் சொல்லும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். என் தம்பி கிப்பி என்னோடு பேசி எட்டு வருடம் ஆகிறது. இன்றாவது ஒரு வார்த்தை பேசுவானா என்று பார்க்கத்தான் நான் இருக்கும் லெர்விக் நகரத்திலிருந்து விடிவதற்கு முன்பே காரைக் கிளப்பினேன்.

கார்களையும் ஏற்றிச்செல்லும் முதல் படகில் யெல் தீவு. அதன் தென்முனையிலிருந்து வடமுனை வரைக்கும் காரில் ஒரே நேர்ச்சாலை. இரண்டு பக்கமும் பழுப்பேறிய சதுப்பு, நனைந்த ஆடுகள், பிறகு மறுபடியும் சதுப்பு. கோடையில் இந்தச் சாலையில் சுற்றுலா வேன்களை முந்த முடியாமல் கடுப்பாகும். இன்று எதிரே வந்தது தபால் வண்டி ஒன்றுதான். வழியெல்லாம் சொல்லவேண்டிய வாக்கியங்களை வாய்விட்டு ஒத்திகை பார்த்தேன். எதுவும் தேறவில்லை.

ஃபெட்லர் படகில் என் கார் மட்டுமே. படகைத் துறையில் கட்டக் கயிறு பிடிக்கும் பெர்ட்டி ஜன்னலோரம் வந்து குனிந்தான்.

"ஒத்த ஆளா எங்க கிளம்பிட்டீங்க?"

"சும்மாதான். தீவைச் சுத்திப் பாக்க."

"பறவையெல்லாம் ஆகஸ்ட்லயே மூட்டையக் கட்டிருச்சு. ஆட்டையா பாக்கப் போறீங்க?" சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, நான் கேட்காமலே சொன்னான். "கிப்பி வீட்லதான் இருக்கான். காலையில பாத்தேன்."

எட்டு வருடத்துக்கு முன் பிப்ரவரியில், லெர்விக்கில் என் வீட்டில் அம்மா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். வெளியே கூரையைப் பிய்க்கிற காற்று. காலை பதினோரு மணிக்குப் படகு விவரம் சொல்லும் எண்ணுக்கு அடித்தேன். எந்தப் படகும் ஓடவில்லை என்றது பதிவு செய்த குரல். கிப்பியின் எண்ணைப் போடப்போனவள் நிறுத்திக்கொண்டேன். வர வழியில்லாதவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, கடலைப் பார்த்து நின்று துடிப்பான், நாளைக் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தீவில் பிறந்தவர்களுக்கு இப்படித்தான் நினைக்கத் தோன்றும். மதியம் காற்று கொஞ்சம் அடங்கியதை நான் கவனிக்கவில்லை. இரண்டு மணிக்கு ஃபெட்லரிலிருந்து ஒரே ஒரு படகு போனது என்று அடக்கம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. அம்மா போனது இரவு ஏழு மணிக்கு.

அவன் வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டினேன். எங்கள் பக்கத்தில் யாரும் கதவைத் தட்டுவதில்லை, திறந்துகொண்டு உள்ளே போவதுதான் வழக்கம். தட்டுகிறவர் வெளியூர்க்காரர். தட்டின பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

"தட்டுறது யாரு, போலீசா? தொறந்துதான கெடக்கு."

உள்ளே போனேன். என்னைப் பார்த்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. எழுந்துபோய் இன்னொரு கிண்ணம் எடுத்துவந்து, உப்புக்கண்டம் போட்ட சூப்பை ஊற்றி என் முன்னால் வைத்தான். இரண்டு பேரும் குடித்தோம். அம்மா கைப்பக்குவம் அப்படியே இருந்தது. இவன் எப்போது கற்றுக்கொண்டான் என்று தெரியவில்லை. அடுப்பில் விறகுக்குப் பதிலாக எரியும் கரிமண் கட்டி ஒன்று சரிந்து விழுந்தது. ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"அன்னைக்குப் படகே இல்லன்னு நெனச்சேன்டா, கிப்பி."

"ரெண்டு மணிக்கு ஒண்ணு போச்சு."

"எனக்கு அப்புறமாத்தான் தெரியும்."

"அதுல கயிறு பிடிச்சது யாருன்னு தெரியுமாக்கா?"

அக்கா என்றான். அதற்கு நான் சந்தோஷப்பட அவன் நேரம் தரவில்லை.

"பெர்ட்டிக்குக் காய்ச்சல். அவனுக்குப் பதிலா நான்தான் ஏறினேன். யெல் வரைக்கும் போனேன். அங்க கரையில எறங்கி நின்னு ஒரு டீ குடிச்சேன். திரும்பி வந்து ஆட்டுக்குத் தீவனம் வச்சேன்." கிண்ணத்தை விரலால் மெல்லச் சுற்றினான். "அப்ப அவ உசிரோடதான் இருந்தா."

எனக்கு அழுகை வரவில்லை. பாதி தூரம் வந்து, விஷயம் தெரியாமல் அம்மா இருந்த திசையைப் பார்த்து டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறான். எட்டு வருடமாக அவனை வீம்புக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். "தப்புதான்டா" என்றேன்.

அவன் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தான். "காத்து திரும்புது. மூணேகால் படகுதான் இன்னைக்குக் கடைசியா இருக்கும். கிளம்பு."

"இன்னைக்கு இங்க படுத்துட்டு நாளைக்குப் போறேனே."

"நாளைக்குப் படகு ஓடும்னு உனக்கு யாரு சொன்னா?"

கோபமாகச் சொல்லவில்லை. அதைத்தான் தாங்கமுடியவில்லை. கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

துறைக்கு வந்தபோதே, இந்தப் பக்கத்து நவம்பர் வழக்கப்படி, மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. பெர்ட்டி கையசைத்து என்னைப் படகுக்குள் ஏற்றினான். கை பிரேக்கைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் மேட்டுச் சாலையில் கிப்பியின் வண்டி முன்விளக்கு எரிய நின்றுகொண்டிருந்தது. நான் போய்விட்டேனா என்று பார்க்க வந்தானா, வழியனுப்ப வந்தானா, எனக்குத் தெரியவில்லை. இறங்கி ஓடிவிடலாமா என்று கதவில் கை வைத்தேன். அதற்குள் கார் ஏறிவந்த இரும்புச் சாய்தளம் கிறீச்சிட்டபடி எழும்ப ஆரம்பித்தது. துறை மறைந்தது, சாலையின் பாதி மறைந்தது. விளக்கு இரண்டும் அணையாமல் அங்கேயே நின்றன. சாய்தளத்தின் விளிம்பு அவற்றுக்கும் மேலே போகும்வரை கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.