மூலையில் விழுந்த தேதி

ரஃபியின் ஸ்டுடியோ பழவேற்காடு கடைத்தெருவில் இருந்தது. பாஸ்போர்ட் சைஸும் கல்யாண ஆல்பமும்தான் அவனுக்குச் சோறு போட்டன. மனசெல்லாம் ஏரியில். விடிந்தால் கேமராவோடு கரைக்குப் போய்விடுவான். வலை உதறுவது, இறால் பிரிப்பது, படகுக்குத் தார் பூசுவது, ஒன்றையும் விடமாட்டான். இதையெல்லாம் யார் வாங்கி மாட்டப்போகிறார்கள் என்று கேட்டுக் கேட்டே அவன் மனைவி ஜபீனுக்கு அலுத்துவிட்டது.

சுனாமிக்கு அடுத்த வருஷம் எடுத்ததில் ஒன்று பிரமாதமாக வந்துவிட்டது. பனி விலகாத ஏரியில் சுப்பிரமணி தனியாளாய் வலை இழுக்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன். கேமராவைப் பார்த்ததும், "டேய் ரஃபி, வாணாண்டா" என்று கையைக் காட்டினான்தான். வெட்கப்படுகிறான் என்று நினைத்து இவன் எடுத்தான். அதோடு விட்டானா? பெரிதாக்கி, சட்டம் போட்டு, கடைக் கண்ணாடியில் மாட்டினான். பாவி மனுஷன், வினையை விலைக்கு வாங்கினான்.

அந்த ஏரியில் நினைத்தவன் நினைத்த நாளில் வலை கட்ட முடியாது. இறால் ஓடும் இடங்களைக் குப்பத்துக்காரர்கள் முறைபோட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஒருவன் பாட்டில் இன்னொருவன் வலை வைத்தால், ஒரு வருஷத்துக்கு ஏரியில் இறங்கக்கூடாது. ரஃபிக்கு இது தெரியாதா என்ன? பிறந்ததிலிருந்து தெரியும். எந்த நாள் யார் பாடு என்பதுதான் தெரியாது. படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் விழுந்திருந்த தேதியை அவன் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

குப்பத்துக்காரர்கள் படத்தைப் பார்த்தார்கள். அப்புறம் தேதியைப் பார்த்தார்கள். அது அன்புராஜின் பாடு. அன்றைக்கு வலை காலியாக வந்ததென்று அன்புராஜ் தலையில் அடித்துக்கொண்டது எல்லோருக்கும் நினைவிருந்தது.

கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடியது. சுப்பிரமணியின் மனைவி ஜோதிலட்சுமி பிள்ளை பெற்றுப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அது. தன் முறை வரும்வரை அவனால் பொறுக்க முடியவில்லை. ரஃபிக்கும் ஆள் அனுப்பினார்கள். பொய் சொல்வதென்று வழியிலேயே முடிவு செய்துவிட்டான்.

"கேமராவுல தேதி தப்பா ஓடிக்கினு இருந்துச்சு தலைவரே."

தலைவர் துளசிராமன் கோபப்படவில்லை.

"அதே கேமராவுலதான பாய் சுனாமில ஒடஞ்ச எங்க போட்டை எல்லாம் எடுத்துக் குடுத்த? தேதியைப் பாத்துத்தான் நிவாரணம்னு ஆபீஸ்ல சொல்லிக்கினு கீறாங்க. இது தப்புன்னா அதை எவன் நம்புவான்? இத்தினி ஊடும் இன்னா ஆவறது?"

கூட்டம் மொத்தமும் ரஃபியின் வாயையே பார்த்தது. சுப்பிரமணி தரையைப் பார்த்தான். அவனுடைய உடைந்த படகும் அந்தப் படங்களில் ஒன்றில் இருந்தது.

"தேதி சரிதான்" என்றான் ரஃபி. சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கண்ணாடியிலிருந்து படம் இறங்கியது. அதற்கப்புறம் ரஃபி கரைப்பக்கம் கேமராவை எடுத்துப் போகவில்லை. மழை பிடித்து, ஏரியில் இறால் ஓட ஆரம்பித்த சமயம், சுப்பிரமணி கடைக்கு வந்தான். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலையாம். கேட் பாஸுக்குப் போட்டோ வேண்டுமாம். மன்னிப்புக் கேட்க நினைத்த ரஃபி, ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

சுப்பிரமணி காலரைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தான். இத்தனை வருஷமாக டேய் போட்டே பேசிப் பழகியவன், லென்ஸைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்:

"இதுலயாச்சும் தேதி உழாம பாத்துக்கோங்க, பாய்."

யார் வந்து உட்கார்ந்தாலும் கொஞ்சம் சிரிக்கச் சொல்வது ரஃபியின் வழக்கம். அன்றைக்கு அதைச் சொல்லாமலே பட்டனை அமுக்கினான்.