பிரசங்க மேடையில் பிரித்த கடிதம்

ஆயர், அதாவது பிஷப், அனுப்பும் சுற்றுமடல் என்றாலே தேவாலயப் பங்குச்சாமிக்குக் கொட்டாவி வரும். மூன்று பக்க உபதேசத்தை முன்கூட்டியே படித்து யார் மண்டையை உடைத்துக்கொள்வது? ஞாயிறு பூசையில், பிரசங்க மேடையிலேயே உறையைக் கிழித்து, வணக்க வரிகளைத் தாவி, கணீரென்று வாசித்துவிடுவார். அன்றும் அப்படித்தான் உருக்கமாக ஆரம்பித்தார்.

“உம் பங்கு மக்கள் கடைந்தெடுத்த மரமண்டைகள், பாடகர் குழு கழுதைக் கூட்டம் என்று ஆறு கடிதம் எழுதிவிட்டீர். ஆறையும் வரி விடாமல் படித்தேன்...”

சாமி சட்டென்று நிறுத்தினார்; அது சுற்றுமடல் அல்ல, அவருக்கே ஆயர் எழுதிய பதில். தன் கடிதங்களை ஆயர் பிரித்துப் பார்ப்பதே இல்லை என்று ஊரெல்லாம் புலம்பியவர் அவர்.

முன்வரிசையில் பாடகர் குழுத் தலைவி எழுந்தாள்.

“ஏன் சாமி நிறுத்திட்டீங்க? ஆயர் என்ன பதில் சொல்றாருன்னு கழுதைங்களும் தெரிஞ்சுக்கட்டும், படிங்க.”