நாலு விரல் தூரம்

…இல்லை, அவள் கால் இல்லை, அவளாக இருந்தால் அந்த டைல் சத்தம் போட்டிருக்கும், வாசற்படி தாண்டி இரண்டாவது டைல், பதித்தபோதே அடியில் சிமெண்ட் சரியாகப் படியாமல் காற்று நின்றுவிட்டது, யார் மிதித்தாலும் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும், மூடிய கதவை ஒரே விரலால் தட்டுவதுபோல. கதவிலிருந்து கட்டிலுக்கு நேர் வழி அதுதான், எல்லோரும் அதை மிதித்துத்தான் வருவார்கள். இந்தக் கால்கள் சரியாக அதன்மேல் நிற்கின்றன, சத்தமே வரவில்லை. சமையலறையில் குழாய் ஓடுகிறது, பாத்திரம் பாத்திரத்தோடு உரசுகிறது, ஆக மனைவி அங்கே இருக்கிறாள், வீட்டில் வேறு ஆள் கிடையாது, பிறகு இது யார், தலையைத் தூக்கி ஒரு தரம் பார்த்துவிட்டால் முடிந்தது, ஒரு நொடி வேலை… அந்த ஒரு நொடி வேலையைத்தான் நான் செய்யக்கூடாது.

கவிழ்ந்து கிடக்கிறேன். தாழ்வான கட்டிலின் கால்மாட்டில் தலை, விளிம்புக்கு வெளியே நீட்டி, நடுவில் ஓட்டை விட்ட வளையத் தலையணையில் நெற்றியும் தாடையும் தாங்கியிருக்க, மூக்குக்கு நேர் கீழே தரை. கழுத்து மரக்கட்டையாகிவிட்டது. ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கெல்லாம் நானே விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கண்ணாடிக் கடை வைத்திருப்பவன், கண்ணைப் பற்றிக் கேட்டால் வாய் சும்மா இருக்காது. விழித்திரை சுவரில் ஒட்டிய தாள் மாதிரி, கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும், அதில் ஒரு பொத்தல் விழுந்தால் கண்ணுக்குள் இருக்கும் நீர் அதன் வழியே பின்னால் புகுந்து தாளை உரித்துவிடும், உரிந்த இடம் கறுப்புத் திரையாகத் தெரியும். டாக்டரம்மா உரிந்ததைத் திரும்பச் சுவரில் படியவைத்து, பொத்தலைச் சுற்றி லேசரால் சூடு வைத்து, உள்ளே ஒரு வாயுக் குமிழியை விட்டிருக்கிறார். காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தால் மேலே என்பது நெற்றிப் பக்கம், கவிழ்ந்து கிடந்தால் மேலே என்பது கண்ணின் பின்சுவர். என் பொத்தல் பின்சுவரில் இருக்கிறது. ஆகவே கவிழ்ந்து கிடக்கும்வரை குமிழி உள்ளங்கைபோல அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும், சூடு வைத்த இடம் தழும்பாகி ஒட்டும்வரை பிடித்திருந்தால் போதும்… எவ்வளவு அழகான ஏற்பாடு, தலை ஆடாதவரை. தூக்கினால் உள்ளங்கை நகர்ந்துவிடும், நீர் புகுந்துவிடும். இடது கண்ணைப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஒரு பந்து வாங்கிக்கொண்டு போய்விட்டது, இருப்பது இந்த ஒன்று. கட்டுப் பிரிக்கும்போது டாக்டரம்மா சொன்னார், “என் கையில இருந்த வேலை முடிஞ்சுது. இனிமே உங்க கண்ணு உங்க கழுத்துலதான் இருக்கு.” சாப்பிடக்கூடத் தட்டைத் தரையில் வைத்துக் குனிந்தே சாப்பிடுகிறேன், குளியலறைக்குப் போனாலும் எதையோ தொலைத்தவன்போலத் தரையைப் பார்த்தபடிதான் போகிறேன்.

கால்கள் அங்கேயே இருக்கின்றன. தலையை அசைக்காமல் விழியை மட்டும் மேலே உருட்டலாம், அதற்குத் தடை இல்லை, அப்படி உருட்டினால் வாசற்படிவரை எட்டும், கணுக்காலுக்கு மேலே தலையணை வளையம் மறைத்துவிடும். வெறுங்கால்கள். சுத்தமான கால்கள். இரண்டாவது விரல் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீளம், நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டு, ஒரு நகத்தில் மட்டும் நெடுக ஒரு வரி… இதுதான் முறையில்லை, இவ்வளவு தெரிவதுதான் முறையில்லை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸுக்குப் பின்னால் நீர் இருந்தால் ஒரு கணக்கு, வாயு இருந்தால் வேறு கணக்கு, ஒளி அளவுக்கு மீறி வளைந்து விழித்திரைக்கு வெகு முன்னாலேயே குவிந்துவிடும், சுருக்கமாகச் சொன்னால் குமிழி கரையும்வரை இந்தக் கண்ணுக்குக் கிட்டப்பார்வையின் உச்சம். நானே சோதித்துப் பார்த்தேன், முதல் வேலையாக அதைத்தான் செய்தேன், கையை முகத்துக்குக் கீழே கொண்டுவந்தேன். நாலு விரல் தூரத்தில் ரேகை ரேகையாகத் தெரிந்தது, பூதக்கண்ணாடி வைத்ததுபோல, அதற்கு அந்தப் பக்கம் எல்லாம் பனி. கறுப்பு விளிம்போடு குமிழி ஒரு வட்டமாக ஆடிக்கொண்டே இருக்கும், அதற்குள் உலகம் வெறும் சாயம். மனைவி வந்தால் ஒரு பச்சைத் தீற்றல் வரும், கொலுசு ஒலிக்கும், டைல் தட்டும், மூன்றையும் கூட்டினால் மனைவி. அப்படியிருக்க வாசற்படியருகே நிற்கும் ஒரு காலின் நகத்திலுள்ள வரி எனக்கு எப்படித் தெரியும்? இவ்வளவு தூரத்துக்கு எந்தக் கணக்கில் குவிகிறது?

மச்சான் வந்தபோதுகூட அப்படித்தான், ஒரு காக்கிச் சாயம்தான் வந்தது. நேற்று வந்தான், மனைவியின் தம்பி, லாரி மெக்கானிக், டைல் ‘டொக்’ என்றது, சாயம் கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது, பிறகு பழைய துணியை விரித்து மல்லாந்து படுத்து, முதுகால் நகர்ந்து நகர்ந்து லாரிக்கு அடியில் போவதுபோல என் முகத்துக்கு அடியில் வந்துவிட்டான். திடீரென்று அவன் முகம், மிகப் பெரியதாக, மீசையில் நரைத்த முடி ஒவ்வொன்றாக… “உங்க கால்ல விழமாட்டேன்னு கல்யாணத்தப்பவே சொன்னேன் மாமா. கடைசியில மூஞ்சிக்குக் கீழயே விழ வெச்சுட்டீங்க.” சிரித்தால் தலை குலுங்கும் என்று சிரிப்பை அடக்கி வயிறு வலித்தது. எல்லாப் பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடியில ஆயில் கசிவு ஒண்ணும் இல்ல, வண்டி ஓடும் என்றான். அவன் போனபின் நினைத்துக்கொண்டேன், என்னைப் பார்க்க வேண்டுமென்றால் யாரும் எங்கேயாவது நின்றுகொள்ளலாம், என்னிடம் முகத்தைக் காட்ட வேண்டுமென்றால் மட்டும் இப்படி வந்துதான் ஆகவேண்டும், இந்த நாலு விரல் தூரத்துக்கு… இதை ஏன் இப்போது நினைக்கிறேன்.

சரி, நிதானமாக யோசிக்க வேண்டும், கடையில் பதறும் வாடிக்கையாளரை உட்காரவைப்பதுபோல என்னை நானே உட்காரவைக்க வேண்டும். டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார், பார்வை மங்கிக் கிடக்கும்போது சிலருக்கு இல்லாத உருவம் தெரியும், புத்தி கெட்டுப்போவது இல்லை, மூளைக்குச் சும்மா இருக்கத் தெரியாது, கண்ணிலிருந்து படம் வராவிட்டால் அதுவே வரைந்துகொள்ளும், பயப்படாதீங்க, கண்ணை மூடித் திறங்க, போயிடும் என்றார். மூளை வரையும் படத்துக்கு லென்ஸ் வேண்டாம், அதனால்தான் அது தெளிவாக இருக்கும், கண்ணால் பார்த்தால்தானே மங்கல். பொருந்துகிறது பாருங்கள், எவ்வளவு சுலபமாகப் பொருந்துகிறது. கண்ணை மூடினேன். கால்கள் போயின. திறந்தேன். இருந்தன. இதில் என்ன நிரூபணமாகும், கண்ணை மூடினால் நிஜமாக நிற்பவரும்தானே போய்விடுவார்… ஆனால் டைல் இருக்கிறது. டைல் பொய் சொல்லாது. எடை விழுந்தால் தட்டும், விழாவிட்டால் தட்டாது, கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சத்தம் இல்லையென்றால் எடை இல்லை, எடை இல்லையென்றால் ஆள் இல்லை. முடிந்தது. கழுத்தில் முறுக்கு கொஞ்சம் தளர்ந்தது. யாருடைய கால்கள் என்று மட்டும் தெரிந்தால் நன்றாயிருக்கும், மூளை வரைந்திருந்தாலும் எங்கோ பார்த்ததைத்தானே வரைந்திருக்கும், ஆனால் என்னிடம் காலைக் காட்டினால் என்ன செய்வேன், எனக்கு எல்லோரையும் கழுத்துக்கு மேலேதான் தெரியும், மூக்குத்தண்டின் அகலம், காதுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம், இரண்டு கருமணிக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர்… முகத்தைக் கொடுங்கள், ஆளைச் சொல்கிறேன்.

குழாய் நின்றது. கொலுசு வருகிறது, சொட்டு மருந்து நேரம் போலிருக்கிறது. பச்சைத் தீற்றல் வாசற்படியில் தெரிந்தது, இப்போது டைல் தட்டும், தட்டினால் டைல் சரியாக இருக்கிறது என்று அர்த்தம், என் கணக்கும் சரி என்று அர்த்தம், காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். தட்டவில்லை. பச்சை அங்கேயே கொஞ்சம் தயங்கி, சுவரோரமாக ஒதுங்கி, அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவிலுள்ள சந்து வழியாக உடம்பைக் குறுக்கிக்கொண்டு வந்தது. என்ன இது. அப்போதுதான் உறைத்தது, காலையிலிருந்து அந்த டைல் ஒரு தரம்கூடத் தட்டவில்லை. காப்பியோடு வந்தாள், தட்டோடு வந்தாள், துணி எடுக்க வந்தாள்… கொலுசு கேட்டது, டைல் கேட்கவில்லை.

தலையை வளையத்திலேயே ஒருக்களித்துக் காட்டினேன். அவள் மண்டியிட்டு, கீழ் இமையை விரலால் இழுத்து மருந்தை விட்டாள், எரிந்தது, எரிச்சலோடு அவள் முகத்தின் ஒரு துண்டு என் தெளிவுக்குள் வந்தது, ஒரு கண், ஒற்றைக் கண், இமைமயிரோடு. தூக்கம் போதாத கண். நான்தான் கேட்டேன், ஏன் சுவரோரமாச் சுத்தி வர்ற என்று, சாதாரணமாகத்தான் கேட்டேன்.

“நீங்கதானங்க சொன்னீங்க.”

“நான் என்ன சொன்னேன்?”

“விடியக்காலையில. பாத்து வா, இடிச்சிடாத, அவங்க நிக்கிறாங்கன்னு. வலி மாத்திரை போட்ட மயக்கம்னு விட்டுட்டேன். டாக்டரம்மாதான் கனவுல வந்துட்டாங்கபோலன்னு சிரிச்சேன்கூட.”

எனக்கு அப்படிச் சொன்ன ஞாபகம் துளியும் இல்லை. சரி, மயக்கத்தில் சொன்னது, சிரிச்சாச்சு, இப்ப பட்டப்பகல், இன்னும் எதுக்குச் சுத்தி வர்ற என்றேன். மருந்துப் புட்டியின் மூடியைத் திருகும் சத்தம் கேட்டது, திருகி முடித்தபிறகும் திருகிக்கொண்டிருந்தாள்.

“தெரியல. காலு தானா அப்படிப் போகுது.”

அந்தக் கண் இன்னும் என் எதிரிலேயே இருந்தது. ஜன்னல் வெளிச்சம் நேராக அதன்மேல் விழுகிறது, வெளிச்சம் விழுந்தால் கருமணி சுருங்கவேண்டும், புகைப்படக்காரர் துவாரத்தைக் குறைப்பதுபோல, இது நம் விருப்பத்தில் நடப்பதில்லை, யாராலும் நடிக்க முடியாது. அவள் கருமணி விரிந்திருந்தது. பயத்துக்கும் விரியும். என் கேள்விக்குப் பயந்திருக்கலாம், ஒற்றைக் கண் புருஷன் உளறுகிறானே என்று பயந்திருக்கலாம், எது என்று கருமணி சொல்லாது, அது அளவை மட்டும்தான் சொல்லும். ஒன்றுமில்லை, நீ போய்ச் சாப்பிடு என்றேன். எழுந்தாள். பச்சை மறுபடி சந்துக்குள் நுழைந்து, சுவரைத் தடவிக்கொண்டு, வாசற்படியில் சட்டென்று விலகி வெளியே போனது, பேருந்தில் நிற்பவரை இடிக்காமல் இறங்குகிறவர்கள் விலகுவார்களே, அப்படி.

அவங்க நிக்கிறாங்க. நான் சொன்னதாக அவள் சொன்னது அதுதான். அவன் என்று சொல்லவில்லை, அவள் என்று சொல்லவில்லை, அது என்றும் சொல்லவில்லை. நம் பேச்சில் ஒருவரை மரியாதையாகச் சொன்னாலும் அவங்கதான், பத்துப் பேரைச் சேர்த்துச் சொன்னாலும் அவங்கதான். நான் எதைச் சொன்னேன்? மரியாதையா, எண்ணிக்கையா? நான் பார்த்துக்கொண்டிருப்பது இரண்டு கால்களை, ஆனால் முன்னால் நிற்பவரின் கால்தானே தெரியும், வாசற்படிக்கு அந்தப் பக்கம் என் விழி எட்டாது. தலையைத் தூக்கினால் தெரிந்துவிடும். கடையில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன், இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரியுதா… சிலர் தவித்துவிடுவார்கள், ரெண்டும் ஒரே மாதிரி இருக்குங்களே என்பார்கள், அவசரம் இல்ல, நிதானமாப் பாத்துச் சொல்லுங்க என்பேன். அவர்களுக்கென்ன, தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். தலையணையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், குமிழி ஆடி அடங்கியது, உள்ளே பொத்தலின்மேல் அந்த உள்ளங்கை இருக்கிறது, இருக்கிறதென்று நம்புகிறேன்.

விழியை மெல்ல மேலே உருட்டினேன். கால்கள் இருந்தன. ஆனால் ஏதோ ஒன்று மாறியிருந்தது, என்னவென்று உடனே பிடிபடவில்லை, விரல்கள் முன்னைவிடத் தரையில் அகலமாகப் பதிந்திருந்தன, நகங்கள் வெளுத்துக்கொண்டு வந்தன, நுனியிலிருந்து உள்நோக்கி மெதுவாக. நகம் எப்போது வெளுக்கும் என்று எனக்குத் தெரியும், விரல்நுனியில் அழுத்தம் கூடும்போது ரத்தம் விலகி வெளுக்கும், குதிகாலைத் தூக்கி உடம்பு முழுவதையும் விரல்களுக்குக் கொடுக்கும்போது, குந்தி உட்காரப் போகும்போது, பிறகு தரையில் சாய்ந்து படுத்து, மெல்ல நகர்ந்து வர நினைக்கும்போது… அப்படியானால் எடை இருக்கிறது. எடை இருந்தால் டைல் தட்டவேண்டும். கழுத்தை இறுக்கிக்கொண்டு, மூக்குக்குக் கீழேயுள்ள வெற்றிடத்துக்கு விழியைத் திரும்பக் கொண்டுவந்து, எல்லாம் தெளிவாகத் தெரியும் அந்த நாலு விரல் இடத்தையே பார்த்தபடி, அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன், அது கேட்டால் நிம்மதியா, கேட்காவிட்டால் நிம்மதியா என்று தெரியாமல்…