மூன்று முறை பூட்டியிருந்த வீடு

ஐந்தரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். அடுப்பில் தண்ணீர் வைத்து, கொதிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றான். சட்டையைத் தேய்த்தான். எட்டு இருபதுக்குப் பேருந்து, ஒன்பதுக்கு அலுவலகம். பெண்டாட்டி செத்த பதினோரு மாதத்தில் இந்த வரிசை ஒரு நாளும் பிசகவில்லை.

வெள்ளம் வந்தால் எந்தத் தெரு எவ்வளவு அடிபடும் என்று முன்கூட்டியே அளந்து வைப்பது அந்த அலுவலகத்தின் வேலை. முதியவர் எத்தனை பேர், கைக்குழந்தை எத்தனை, எழுந்து நடக்க முடியாதவர் எத்தனை, கூரை ஓடா தகரமா என்று கேட்டு, கூட்டிக் கழித்துத் தெருவுக்கு ஒரு மதிப்பெண் போடுவார்கள். அதைப் பார்த்துத்தான் மீட்புப் படகு ஒதுக்கப்படும். மதிப்பெண் போடுகிற ஒருவனுக்கும் கணுக்கால் நனைந்ததில்லை.

இயக்குநருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் தசமம். செத்தவர்களின் கணக்கிலும் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் கேட்பார்.

"வாப்பா, உட்காரு. ரெண்டு கையெழுத்து, அவ்வளவுதான்."

முதல் தாள் இந்த வருடப் பட்டியல். மழைக்கு இன்னும் மூன்று வாரம். அவன் தெருவுக்கு நேரே 'பாதிப்பு குறைவு, படகு தேவையில்லை' என்றிருந்தது. நூற்றுப் பன்னிரண்டு வீட்டில் எழுபத்தொன்று ஆளில்லாத வீடாம்.

"சார், எல்லா வீட்டுலயும் ஆள் இருக்காங்க. பகல்ல வேலைக்குப் போயிடுறாங்க, அவ்வளவுதான்."

"மூணு தடவை போனோம். மூணு தடவையும் பூட்டு. பூட்டுன்னா காலி. ஏழாவது விதி. நீ எழுதினதுதானேப்பா?"

அவன் எழுதியதுதான். கணக்கெடுப்பவர்கள் நாலாவது தடவை நடந்து கால் நோகக் கூடாதே என்று எழுதினான். கூட்டத்தில் கைதட்டினார்கள். போன வருடப் பட்டியலில் அவன் வீடே காலி என்றுதான் இருந்தது. கணக்கெடுக்க வந்தபோது அவன் இங்கே இருந்தான், அவள் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பட்டியலைச் சரிபார்த்ததும் அவனேதான். கூட்டுத்தொகை சரியாக இருந்தது. பெரிய அறிவாளி.

இரண்டாவது தாள், வழவழப்பான அறிக்கையின் முதல் பக்கம். அவள் படம். கீழே கொட்டை எழுத்தில், 'என்னை விடுங்கள், என் தெரு மக்களைக் காப்பாற்றுங்கள்: செவிலியரின் கடைசி வார்த்தை.'

"அவ இப்படிச் சொல்லலையே சார்."

"சொல்லியிருப்பாங்கப்பா. நல்ல மனுஷி. படிக்கிறவன் கண்ணு கலங்க வேணாமா?"

"இப்படிப் பேசியிருந்தா நானே சிரிச்சிருப்பேன்."

"சரி, என்னதான் சொன்னாங்க? எழுதிக் குடு, போட்டுடலாம். ரெண்டு மூணு வரி போதும், இடமில்ல."

அவன் முதலில் பட்டியலை இழுத்தான். எழுபத்தொரு வீடுகளையும் குறுக்கே அடித்தான். 'ஏழாவது விதி தவறு. எழுதியவன் நான். இருட்டிய பிறகு போய் மறுபடி எண்ண வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

"டேய்! என்னடா பண்ற? படகெல்லாம் பிரிச்சுக் குடுத்தாச்சு!"

"திருப்பி வாங்குங்க. வீடு வீடா நான் போறேன்."

"மேலிடத்துல கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

"அதுக்குத்தான் இதையும் எழுதித் தரேன். அதே கொட்டை எழுத்துல போடுங்க."

போன வருடம் வெள்ளம் வந்த அன்று பகல் முழுக்க அவன் இந்த நாற்காலியில்தான் மாட்டிக்கொண்டிருந்தான்; பாலம் மூழ்கியிருந்தது. இரவுப் பணி முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவள், இடுப்பளவு தண்ணீரில் சமையல் மேடைமேல் நின்றபடி கைபேசியில் பேசினாள். பேசியதை இதுவரை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அச்சடித்த பொய்யை அடித்துவிட்டு மேலே எழுதினான்:

"ஏங்க, படகு தெருமுனையோட திரும்பிடுச்சு. இங்கெல்லாம் ஆளில்லாத வீடுன்னு லிஸ்ட்ல இருக்காம், எதிர்மாடி அக்கா சொல்றாங்க. எந்த முட்டாப்பய எழுதினான் அதை?"