கிறிஸ்துமஸ் தாத்தாவின் வயிற்றில்

காலையில் ஊசிகளைப் பவுடர் டப்பாவில் போட்டு மூடும்போதுதான் ஒன்று குறைவது அருள்மேரிக்குத் தெரிந்தது. பாயை உதறினாள், தரையெல்லாம் உள்ளங்கையால் தடவினாள். எங்கேயும் இல்லை. பிறகு நேற்று மத்தியானம் நினைவுக்கு வந்தது.

ஃபெல்ட் துணியில் கிறிஸ்துமஸ் தாத்தா பொம்மை செய்துகொண்டிருந்தாள். நூல் தீர்ந்த ஊசியைத் தாத்தாவின் வயிற்றுப் பஞ்சில் குத்திவைத்தாள். அந்த நேரம் பார்த்துத் தண்ணி லாரி வந்துவிட்டது. பொழிச்சலூரில் லாரிச் சத்தம் கேட்டபிறகு ஊசியாவது நூலாவது. குடத்தோடு ஓடினாள். திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் பஞ்சைத் திணித்து, வேறு ஊசியில் நூல் கோத்து வயிற்றை மூடிவிட்டாள்.

கல்யாணமான இந்த இரண்டு வருஷத்தில் புருஷன் வீட்டாருக்கு அவள் கொடுக்கும் முதல் பரிசு. மாமியார் பச்சையம்மாவுக்கு ஒரு நட்சத்திரம். மூத்த ஓரகத்தி கிளியம்மாளின் பத்து மாதக் குழந்தைக்குத் தாத்தா. இருவரும் தாம்பரத்தில் ஒரே வீட்டில் இருந்தார்கள். மறைமலை நகருக்கு வேலைக்குப் போகிற வழியில் புருஷன் ஜெயவேலு இந்நேரம் கொடுத்திருப்பான். பல் முளைக்கிற குழந்தை. கிடைத்ததெல்லாம் வாய்க்குத்தான் போகும். போன் செய்து சொல்ல அந்தத் தெருவிலேயே போன் கிடையாது.

இன்னொரு பயமும் இருந்தது. பிள்ளையில்லாதவள், அதுவும் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, பிள்ளை பெற்றவளுக்கு அனுப்பிய பொம்மை. அதன் வயிற்றில் ஊசி. சூனியம் என்று சொல்ல வேறென்ன வேண்டும்? போன மாதம் அந்த வீட்டு வாசலில் யாரோ குங்குமம் தடவிய எலுமிச்சம்பழத்தைப் போட்டதற்கே பச்சையம்மா மூன்று நாள் பேர் சொல்லாமல் திட்டினாள். இதற்குப் பேரையும் சொல்லிவிடுவாள்.

பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

பல்லாவரம் வரை பஸ், அப்புறம் மின்சார ரயில். குரோம்பேட்டையில் ரயில் நின்றது நின்றபடியே இருந்தது. மாதாவே, வாயில் வைக்காமல் பார்த்துக்கொள் என்று வேண்டினாள். வேறெதுவும் வேண்டத் தோன்றவில்லை.

குழந்தை கூடத்தில் உட்கார்ந்து தாத்தாவின் தொப்பியைச் சப்பிக்கொண்டிருந்தது. அருள்மேரி செருப்பைக்கூடக் கழற்றாமல் பொம்மையைப் பிடுங்கினாள். குழந்தை வீறிட்டது.

"இன்னாடி இது, குடுத்தத புடுங்கிக்கினு?" என்றாள் பச்சையம்மா.

அருள்மேரி அரிவாள்மணையில் தையலைக் கீறினாள். பஞ்சு விழுந்தது. அதோடு ஊசியும் விழுந்தது.

பச்சையம்மா இரண்டடி பின்னால் போனாள். "நான் அன்னிக்கே சொன்னேன், எலுமிச்சம்பழம் கெடந்தப்பவே."

"தண்ணி லாரி வந்துச்சு அத்தை. மறந்து உள்ள வச்சுத் தெச்சுட்டேன்." அவளுக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

கிளியம்மாள் குழந்தையின் வாய்க்குள் விரல் விட்டு நாக்கையும் ஈறையும் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பிறகு குனிந்து ஊசியை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடியே நின்றாள்.

"சூனியம் வெக்கிறவ எடுக்க ஓடியாருவாளா அத்தை?" என்றாள். ஊசியை அருள்மேரியிடம் நீட்டினாள். "இந்தா. பாப்பா அழுவுது பாரு. சீக்கிரம் தெச்சுக் குடு."

கிளியம்மாள் கொடுத்த நூலைக் கோத்து அவசரமாகத் தைத்ததில் தையல் கோணலாகப் போனது. கடைசி முடிச்சு விழுந்ததும் கிளியம்மாள் உள்ளங்கையை நீட்டி, முதலில் ஊசியைத்தான் கேட்டாள். வாங்கி, பச்சையம்மா பார்த்துக்கொண்டிருக்க, தாலிக்கயிற்றில் தொங்கிய பின்னூசிகளுக்குப் பக்கத்தில் அதைக் குத்திக்கொண்டாள்.